வீட்டுக்கடன் மீட்புச் சண்டையில் பேச்சுரிமை எங்கே அடிபட்டது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். 2009-ல் ஒபாமா அரசு, வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களை வரிப்பணத்தில் கைதூக்கி விடத் திட்டம் போட்டது. அதை டிவியில் எதிர்த்துக் கத்திய ரிக் சாண்டெல்லியை வெள்ளை மாளிகை மேடையிலிருந்தே பெயர் சொல்லிக் கண்டித்தார்கள். இது பேச்சுரிமையை நசுக்குவது ஆகாதா? இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது: எனக்குப் பிடிக்காத காரியத்துக்கு என் வரிப்பணத்தை எடுப்பதும் என் வாயை அடைப்பதுபோலத்தானே?

இரண்டுக்குமே என் பதில் ஆகாது என்பதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்த மூன்று நான்கு வருடத்தில் பேச்சுரிமை நிஜமாகவே அடிபட்ட இடங்கள் இருந்தன, அவற்றைப் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதில்லை. அப்போது நான் அரிசோனாவில் சாண்ட்லரில் குடியிருந்தேன். 2009 பிப்ரவரி 18 அன்று ஒபாமா இந்தத் திட்டத்தை அறிவித்தது பக்கத்து ஊரான மேசாவில், டாப்சன் உயர்நிலைப் பள்ளியில். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் வீட்டு விலை 2006 உச்சத்திலிருந்து சரிந்துகொண்டே போய், 2011-க்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. என் வீடும் அதில் ஒன்று. நான் தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் கடன் பாக்கி வீட்டின் மதிப்பைவிட ரொம்ப அதிகம். எங்கள் தெருவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டாத வீடுகளை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

மறுநாள் 19-ம் தேதி, சிஎன்பிசி என்ற வணிகச் செய்தி டிவியின் நிருபரான சாண்டெல்லி சிகாகோ வர்த்தகச் சந்தையின் தளத்தில் நின்றுகொண்டு பொரிந்து தள்ளினார். தோற்றுப்போனவர்களின் வீட்டுக்கடனுக்கு நாம் மானியம் கொடுக்க வேண்டுமா என்று இணையத்தில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திப் பாருங்கள் என்றார். பக்கத்து வீட்டுக்காரன் கூடுதலாக ஒரு குளியலறை வைத்துக் கட்டிவிட்டு பில் கட்ட முடியாமல் நிற்கிறான், அவன் கடனைக் கட்ட யாருக்கெல்லாம் இஷ்டம் என்று சுற்றி நின்ற வர்த்தகர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சிகாகோவில் ஒரு தேநீர் விருந்துப் போராட்டம் நடத்தப்போவதாகவும் சொன்னார். வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த டீ பார்ட்டி இயக்கம் பெரிதாகப் பற்றிக்கொண்டது அங்கிருந்துதான். ஏப்ரல் 15, வரி கட்டக் கடைசி நாளன்று, நாடு முழுக்கப் பல ஊர்களில் ஊர்வலம் நடந்தது.

சாண்டெல்லி கத்தியதற்கு மறுநாளே, பிப்ரவரி 20 அன்று, வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலாளர் ராபர்ட் கிப்ஸ் பதில் சொன்னார். சாண்டெல்லி எந்த வீட்டில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, திட்டத்தை அச்செடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், படித்தபின் வந்தால் ஒரு காபி வாங்கித் தருகிறேன், அதுவும் காஃபின் எடுத்த காபி, என்றார். நக்கல்தான். அந்த மேடையில் நின்று ஒரு தனி நிருபரிடம் இப்படிப் பேசியது அழகில்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அழகில்லாததெல்லாம் உரிமை மீறல் ஆகிவிடாது.

சட்டம் இந்த இடத்தில் ரொம்பத் தெளிவாக ஒரு கோடு போட்டிருக்கிறது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறது. வாயை முழுக்கக் கட்டவில்லை. அரசும் தன் கருத்தைச் சொல்லலாம், எதிர்க்கருத்தைக் கண்டிக்கலாம். செய்யக்கூடாதது மிரட்டல். 1963-ல் பாண்டம் புக்ஸ் வழக்கில் இதைத்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரோட் ஐலண்டில் ஒரு ஆணையம், இன்னின்ன புத்தகங்கள் ஆட்சேபத்துக்குரியவை என்று விநியோகஸ்தர்களுக்குக் கடிதம் எழுதும், பின்னாலேயே போலீஸ்காரர் வந்து என்ன செய்தீர்கள் என்று விசாரிப்பார். தடைச் சட்டம் எதுவும் கிடையாது, ஆனாலும் அது தணிக்கைதான் என்று தீர்ப்பு வந்தது. 2024 மே மாதம் துப்பாக்கி உரிமையாளர் சங்கம் நியூயார்க் அதிகாரி வுல்லோ மீது போட்ட வழக்கிலும், காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் காட்டி ஒரு அமைப்பின் பேச்சை ஒடுக்கப் பார்ப்பது கூடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். கிப்ஸ் அப்படி ஒரு அதிகாரத்தையும் தொடவில்லை. சிஎன்பிசி மீது நடவடிக்கை எடுப்பது பற்றியோ, சாண்டெல்லியின் வரிக் கணக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. சாண்டெல்லி முன்னைவிடப் பிரபலமாகி வேலையிலும் தொடர்ந்தார்.

சரி, வரிப்பண வாதம்? இதில் உணர்ச்சி புரிகிறது. என் கையெழுத்து இல்லாமல் என் பணத்தை எடுத்து நான் தப்பு என்று நினைக்கிற காரியத்துக்குக் கொடுக்கிறார்கள் என்றால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் 1923-லேயே ஃப்ராதிங்ஹாம் வழக்கில், வரி கட்டுகிறவர் என்ற ஒரே காரணத்துக்காக மத்திய அரசின் செலவை எதிர்த்து வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1968-ல் மதம் சம்பந்தப்பட்ட செலவுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு திறந்தது. மற்றபடி வழக்கை அனுமதிக்காததற்குக் காரணம் எளிது. போரை வெறுப்பவர், பள்ளி மானியத்தை வெறுப்பவர், வங்கி மீட்பை வெறுப்பவர் என்று ஆளாளுக்குத் தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டால் எந்த அரசும் நடக்காது. அதற்குப் பதிலாகத்தான் பேச்சு, கூட்டம் போடுதல், அரசிடம் குறை தீர்க்கக் கேட்டல் என்ற மூன்றையும் ஒரே திருத்தத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். செலவைத் தடுக்க உங்களுக்கு நீதிமன்றத்தில் வழி இல்லை, அதனால் தெருவிலும் தொலைபேசியிலும் வாக்குச் சாவடியிலும் தடுக்கப் பாருங்கள் என்று அர்த்தம்.

அந்த வழி வேலையும் செய்தது. இதை டீ பார்ட்டி ஆட்களும் மறந்துவிட்டார்கள், அவர்களை வெறுப்பவர்களும் மறந்துவிட்டார்கள். சாண்டெல்லி கத்துவதற்கு ஐந்து மாதம் முன்பு, 2008 செப்டம்பர் 20 அன்று, புஷ் அரசின் நிதியமைச்சர் ஹென்றி பால்சன் மூன்றே பக்கத்தில் ஒரு வரைவை அனுப்பினார். வங்கிகளிடமிருந்து மோசமான அடமானச் சொத்துகளை வாங்க 70,000 கோடி டாலர் கொடுங்கள் என்பது அதன் சாரம். அதில் எட்டாவது பிரிவு ஒன்று இருந்தது. இந்தச் சட்டத்தின்படி நிதியமைச்சர் எடுக்கும் முடிவுகளை எந்த நீதிமன்றமும் எந்த நிர்வாக அமைப்பும் மறுஆய்வு செய்யக்கூடாது என்பதே அந்தப் பிரிவு. அதைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. இவ்வளவு பணம், ஒரே ஆள், கேள்வி கேட்க யாருமில்லை.

மக்கள் விடவில்லை. காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகத் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன, பிரதிநிதிகள் சபையின் இணையதளமே திணறியது. செப்டம்பர் 29 அன்று சபை மசோதாவை 228-க்கு 205 என்ற கணக்கில் தோற்கடித்தது. அன்றே டவ் ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு 777 புள்ளி விழுந்தது. நான்கு நாள் கழித்து அக்டோபர் 3 அன்று 263-க்கு 171 என்று நிறைவேறிய சட்டம் நானூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. அதில் பிள்ளைகள் விளையாடும் மர அம்பு செய்கிறவர்களுக்கான வரிச்சலுகை மாதிரி சம்பந்தமில்லாத சரக்குகளையும் ஏற்றியிருந்தார்கள், அது வெட்கக்கேடு. ஆனால் எட்டாவது பிரிவு போய்விட்டது. நீதிமன்றம் பார்க்கலாம் என்று வந்தது. எலிசபெத் வாரன் தலைமை தாங்கிய மேற்பார்வைக் குழு வந்தது. சிறப்புத் தலைமை ஆய்வாளர் பதவி வந்தது, அதில் உட்கார்ந்த நீல் பரோஃப்ஸ்கி, பணம் வாங்கிய முன்னூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, பணத்தை என்ன செய்தீர்கள் என்று நேராகவே கடிதம் போட்டுக் கேட்டார். இதெல்லாம் யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்ததில்லை, சாதாரண ஆட்கள் வேலை நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு கத்தியதால் வந்தது.

ஆனாலும் அதிலேயே ஒரு ஏமாற்று நடந்துவிட்டது. காங்கிரஸில் விவாதம் நடந்தது மோசமான அடமானச் சொத்துகளை வாங்குவது பற்றி. சட்டம் வந்த பத்தே நாளில் ஒன்பது பெரிய வங்கிகளுக்கு 12,500 கோடி டாலர் நேரடி மூலதனமாகக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது, நவம்பர் 12-ல் சொத்து வாங்கும் யோசனையையே கைவிட்டதாகப் பால்சன் அறிவித்தார். நெருக்கடியில் அது சரியான முடிவாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் மக்கள் விவாதித்தது ஒன்று, நடந்தது வேறு. பேசும் சுதந்திரம் இருந்து, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்ற விவரம் கையில் இல்லை என்றால் அந்தச் சுதந்திரத்தால் எவ்வளவு பிரயோஜனம்?

அந்த விவரத்துக்காகவே ஒரு வழக்கு நடந்தது. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எந்தெந்த வங்கிக்கு அவசரக் கடன் கொடுத்தது என்று ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் நிருபர் மார்க் பிட்மன் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டார். கொடுக்க மறுத்தார்கள். 2008 நவம்பரில் ப்ளூம்பெர்க் வழக்குப் போட்டது. பெயர் வெளியே வந்தால் அந்த வங்கியில் கூட்டம் கூடிப் பணத்தை எடுத்துவிடுவார்கள், அப்புறம் எந்த வங்கியும் அவசரத்துக்குக்கூட எங்களிடம் வராது என்பது ஃபெடரல் ரிசர்வின் வாதம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை, நெருக்கடி உச்சத்தில் இருந்த வாரங்களுக்கு அது பொருந்தும். வருடக்கணக்கில் மூடி வைப்பதற்குப் பொருந்தாது. 2009 ஆகஸ்டில் நீதிபதி லொரெட்டா ப்ரெஸ்கா தகவலைக் கொடு என்றார், 2010 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு, 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதன் பிறகுதான் ஆவணங்கள் வெளியே வந்தன. டெக்ஸியா என்ற பெல்ஜிய-பிரெஞ்சு வங்கியும் பெரிய அளவில் வாங்கியிருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. பிட்மன் அதைப் பார்க்கவில்லை. 2009 நவம்பரில் 52 வயதில் இறந்துவிட்டார். சாண்டெல்லியின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குப் பிட்மனின் பெயர் தெரியும் என்று யோசித்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

சாண்டெல்லி தரப்புக்கு நேர்ந்த நிஜமான அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். டீ பார்ட்டி என்ற பெயரோடு வரிவிலக்குக்கு விண்ணப்பித்த அமைப்புகளை வருமான வரித் துறை தனியாக எடுத்து வைத்து, மாதக்கணக்கில், சிலவற்றை வருடக்கணக்கில் இழுத்தடித்தது, தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்டது. 2013 மே மாதம் துறையே மன்னிப்புக் கேட்டது. பிற்பாடு வந்த தணிக்கையில், ‘ஆக்குபை’ மாதிரி இடதுசாரிப் பெயர்களையும் பட்டியலில் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதனால் குற்றம் குறைந்துவிடவில்லை, அதிகமாகிறது. கிப்ஸின் காபிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: ஒருவர் வாயால் பதில் சொன்னார், இன்னொருவர் விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காக்க வைத்தார். இரண்டாவதுதான் பேச்சுரிமை மீறல். எந்தக் கட்சிக்காரருக்கு நடந்தாலும் இப்படியே சொல்ல வேண்டும்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். சாண்டெல்லி கேட்ட கேள்வி கேட்கத் தகுந்த கேள்வி. ஒழுங்காகக் கட்டுகிறவன் என்ன பாவம் செய்தான்? நானும் ஒழுங்காகக் கட்டியவன்தான், எனக்கும் அந்த வயிற்றெரிச்சல் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் காட்டிய படம் தப்பு. 7,500 கோடி டாலர் ஒதுக்கிய அந்தத் திட்டத்தில், தொடக்கத்தில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே உதவி, வாடகைக்கு விடவும் விலை ஏறினால் விற்கவும் வாங்கிப் போட்டவர்களுக்கு இடமில்லை. 2009-க்கு முன் வாங்கிய கடனாக இருக்க வேண்டும், கஷ்டத்தை எழுத்தில் நிரூபிக்க வேண்டும். மாதத் தவணையை வருமானத்தில் 31 சதவீதத்துக்குக் கொண்டுவர வட்டியை 2 சதவீதம் வரை குறைக்கலாம், தவணைக் காலத்தை 40 வருடம் வரை நீட்டலாம். அசலைத் தள்ளுபடி செய்யும் கட்டாயம் எதுவும் இல்லை. யாருக்கும் யாரும் குளியலறை கட்டித் தரவில்லை.

பணம் போன வழியும் கவனிக்க வேண்டியது. கடன் தவணைகளை வசூலித்து நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு தவணையைக் குறைத்துச் செய்யும் ஒவ்வொரு கடன் திருத்தத்துக்கும் ஊக்கத்தொகை கொடுத்து, அவர்களாகவே செய்வார்கள் என்று நம்பி விட்டார்கள். மூன்று மாதச் சோதனைத் தவணை கட்டிய பிறகு, உங்கள் காகிதம் காணவில்லை, மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வரும். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் அதே சம்பளச் சீட்டை ஆறு தடவை ஃபேக்ஸ் செய்தது. 30 முதல் 40 லட்சம் பேருக்கு உதவும் என்று அறிவித்த திட்டம், ஏழு வருடம் கழித்து முடியும்போது நிரந்தரத் திருத்தம் கொடுத்தது 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. திட்டம் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிட்டது என்ற சத்தத்தில், அது போதாத திட்டம் என்ற பேச்சு கேட்கவே இல்லை.

வரிப்பணம் ஒரு காசு தேவைப்படாத வழி ஒன்றும் மேசையில் இருந்தது. திவால் நீதிமன்றத்தில் விடுமுறை வீட்டுக் கடனின் அசலை நீதிபதி குறைக்கலாம், படகுக் கடனைக் குறைக்கலாம், ஆனால் குடியிருக்கும் ஒரே வீட்டின் கடனைத் தொடக்கூடாது என்று சட்டம். அதை மாற்ற ஒரு மசோதா 2009 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, ஏப்ரல் 30 அன்று செனட்டில் 45-க்கு 51 என்று தோற்றது. அதைக் கொண்டுவந்த செனட்டர் டிக் டர்பின் அதே நாட்களில் ஒரு வானொலிப் பேட்டியில், நாடாளுமன்றத்தில் இன்னமும் பலமான செல்வாக்கு வங்கிகளுக்குத்தான், சொல்லப்போனால் இந்த இடமே அவர்களுக்குச் சொந்தம் என்று வெளிப்படையாகச் சொன்னார். வரிப்பணத்தைத் தொடாதே என்று ஊர்வலம் போனவர்கள் இந்த மசோதாவுக்காகத் தெருவுக்கு வந்திருந்தால் எவ்வளவோ நடந்திருக்கும். யாரும் வரவில்லை. சந்தைத் தளத்தில் மைக் இருந்தது, கேமரா இருந்தது. சமையலறை மேசையில் பில்களை அடுக்கிவைத்து உட்கார்ந்திருந்தவர்களிடம் மைக்கை நீட்ட ஆள் இல்லை. அவர்களுக்கு வெட்கம் வேறு. தவணை தவறியவன் என்று கேமரா முன்னால் முகம் காட்ட எத்தனை பேர் முன்வருவார்கள்?

2011-ல் பெரிய வங்கிகளை எதிர்த்து ஆக்குபை இயக்கம் வந்தபோது அந்த மௌனம் கொஞ்சம் உடைந்தது. செப்டம்பர் 17-ல் நியூயார்க் ஜுகோட்டி பூங்காவில் கூடியவர்களை நவம்பர் 15 அன்று போலீஸ் அப்புறப்படுத்தியது. 1984-லேயே, வீடற்றவர்களின் நிலைமையைக் காட்ட வெள்ளை மாளிகை எதிரில் உள்ள பூங்காவில் கூடாரத்தில் தூங்கிப் போராடுவதைத் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பேசலாம், ஆனால் படுக்கக்கூடாது. வீடு இல்லாதவன் தன் நிலைமையைச் சொல்லப் படுத்துக் காட்டுவதைவிட வேறு எந்த மொழி இருக்கிறது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன், அந்தத் தீர்ப்பு தப்பு என்பதே என் எண்ணம்.

கடைசியாக, அதிகம் பேர் கவனிக்காமல் விட்ட ஒன்று. தவணைக் குறைப்புக்காக வழக்கு வரை போன சிலருக்கு, சமரசப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை வந்தது: இந்த நிறுவனத்தைப் பற்றி வெளியே, இணையத்தில் உட்பட, குறைவாக எதுவும் சொல்லக்கூடாது. 2014-ல் இது செய்தியில் அடிபட்ட பிறகுதான் நிறுத்துகிறோம் என்ற பேச்சு வந்தது. முதல் திருத்தம் இங்கே எட்டாது, ஏனென்றால் கையெழுத்து வாங்குவது அரசு இல்லை, தனியார். சட்டப்படி அது இருவர் மனம் ஒத்துச் செய்த ஒப்பந்தம். ஆனால் வீடு வேண்டுமா, வாய் வேண்டுமா என்று கேட்டால் எந்தக் குடும்பமும் வீட்டைத்தான் எடுக்கும்.

எங்கள் தெருவில் ஆறு தடவை ஃபேக்ஸ் அனுப்பிய அந்த வீட்டு அம்மாவும் வழக்குப் போட்டார், இலவச சட்ட உதவி மையம் ஒன்று வக்கீல் கொடுத்தது. 2013-ல் சமரசம் ஆகித் தவணை குறைந்தது, வீடு தங்கியது. நானும் அப்போது என் கடனைத் திருத்தக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததால், எப்படிச் செய்தீர்கள், எந்த நிறுவனம், எந்தக் காகிதத்தைக் கேட்டார்கள் என்று வேலியோரம் நின்று விசாரித்தேன். அவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார்.